வேண்டாம் என்று சொல்லத் தெரியாத கோமகன்

இது கொஞ்சம் நீளமான பதிவு. அவசரம் இல்லாத நேரத்தில் படியுங்கள்.

போன மாதம் என் அக்காவின் பேத்தி, பள்ளியில் கொடுத்த வேலைக்காக நம் குடும்ப மரத்தை வரைந்துகொண்டிருந்தாள். உறவினர்களுக்குத் தெரியும், நம் வீட்டில் "மலேயாத் தாத்தா" என்று ஒருவர் உண்டு. என் அம்மாவுக்குப் பெரியப்பா முறை. நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி ரப்பர் தோட்ட வேலைக்குப் போனவர். ஒரே ஒரு மங்கிய புகைப்படம்தான் மிச்சம்.

"இவங்க எப்படி இறந்தாங்க, சின்னம்மாச்சி?" என்று கேட்டாள்.

"யுத்த காலத்துல ஜப்பான்காரங்க சயாமுக்கு ரயில் பாதை போடக் கூட்டிக்கிட்டுப் போனாங்க. திரும்பி வரலை."

"அந்தச் சண்டையை யாரு ஆரம்பிச்சது?"

"டோஜோ" என்றேன்.

"அவருக்கு முன்னாடி யாரு இருந்தா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. என் மாணவர்களுக்கு நினைவிருக்கும். இரண்டாம் உலகப் போர் என்றால் கரும்பலகையில் ஹிட்லர், முசோலினி, டோஜோ என்று மூன்று பெயரை எழுதிப் போடுவேன். மூன்று கெட்டவர்கள், ஒரு போர், பாடம் முடிந்தது. 34 வருடம் அப்படித்தான் நடத்தினேன். டோஜோ பிரதமரானது 1941 அக்டோபரில். மலேயாவில் ஜப்பான் படை இறங்கியது அதே வருடம் டிசம்பரில். இரண்டு மாதத்தில் ஒரு மனிதர் இவ்வளவு பெரிய போரைத் தயார் செய்திருக்க முடியுமா? இந்தச் சின்னக் கணக்கு எனக்கு ஏன் இத்தனை நாள் தோன்றவில்லை?

அதன் பிறகு நான் தேடிப் படித்த மனிதர்தான் கொனோயே ஃபுமிமாரோ. ஜப்பானியர் குடும்பப் பெயரை முதலில் சொல்வார்கள். அதனால் கொனோயே என்பது குலப் பெயர், ஃபுமிமாரோ என்பது அவர் பெயர்.

அவர் பிறந்தது 1891 அக்டோபர் 12. ஜப்பானில் பேரரசர் குடும்பத்துக்கு அடுத்தபடியாக ஃபுஜிவாரா குலம் என்று ஒன்று. பல நூற்றாண்டுகளாகப் பேரரசருக்குப் பதிலாளாக இருந்து ஆட்சி நடத்தும் உரிமை அந்தக் குலத்தின் ஐந்து குடும்பங்களுக்கு மட்டுமே இருந்தது. அந்த ஐந்தில் முதல் வரிசைக் குடும்பம் கொனோயே. நம் ஊர் வழக்கில் சொன்னால், முதல் மரியாதை வாங்குகிற வீடு.

ஆனால் உள்ளே சோகம். அவர் பிறந்த சில நாளிலேயே தாய் இறந்துவிட்டார். தந்தை, இறந்த மனைவியின் தங்கையையே மணந்துகொண்டார். சித்தியைத்தான் பெற்ற தாய் என்று நினைத்து அந்தப் பிள்ளை வளர்ந்தது. 1904-இல் தந்தையும் இறந்தார். அப்போது பையனுக்கு 12 வயது. உண்மை தெரிய வந்தது அதன் பிறகுதான். தந்தை பிரபுக்கள் சபையின் தலைவராக இருந்தவர், ஆனால் அரசியலில் செலவு செய்து கடன் வைத்துவிட்டுப் போனார். நேற்று வரை வாசலில் குனிந்து நின்றவர்களே கடனைக் கேட்டு வந்தார்கள். 12 வயதில் கோமகன் பட்டமும் கடனும் ஒன்றாகக் கைக்கு வந்தன.

படிப்பில் கெட்டிக்காரர். டோக்கியோ பல்கலைக்கழகத்தை விட்டு, கியோட்டோ பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே கவாகாமி ஹஜிமே என்ற பொருளாதாரப் பேராசிரியர் இருந்தார், பின்னாளில் மார்க்சியராகப் பேர் பெற்றவர். அவரிடம் படிக்க வேண்டும் என்பதற்காகவே போனார். மாணவராக இருக்கும்போதே ஆஸ்கார் வைல்டு சோஷலிசத்தைப் பற்றி எழுதிய கட்டுரையை மொழிபெயர்த்தார். அது வெளியான இதழை அரசு தடை செய்தது. நாட்டின் முதல் வரிசைப் பிரபு, சோஷலிசக் கட்டுரையை மொழிபெயர்க்கிறார்! பட்டம் இருந்ததால் 25 வயதில் தேர்தல் எதுவும் இல்லாமலே பிரபுக்கள் சபை உறுப்பினரும் ஆனார்.

1918-இல் ஒரு கட்டுரை எழுதினார். முதல் உலகப் போர் முடிந்த சமயம். இங்கிலாந்தும் அமெரிக்காவும் பேசும் அமைதி எல்லாம் ஏற்கனவே வேண்டியதைச் சேர்த்துக்கொண்டவர்கள் பேசும் அமைதி, பிந்தி வந்த ஜப்பானுக்கு அதில் நியாயம் இல்லை என்பது அதன் சாரம். அடுத்த வருடம் பாரிஸ் சமாதான மாநாட்டுக்கு சயோன்ஜி கின்மோச்சி என்ற மூத்த அரசியல் தலைவருடன் உதவியாளராகப் போனார். அந்த மாநாட்டில் ஜப்பான் இனச் சமத்துவத் தீர்மானம் ஒன்றைக் கொண்டு வந்தது. 17 வாக்கில் 11 ஆதரவாக விழுந்தது. ஆனாலும் தலைமை வகித்த அமெரிக்க அதிபர் வில்சன், எல்லோரும் ஒப்பினால்தான் செல்லும் என்று சொல்லிவிட்டார். இளம் கொனோயேவின் கோபத்தில் நியாயம் இருந்தது என்றுதான் எனக்கும் பட்டது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அதே 1919 மார்ச்சில் கொரியாவில் மக்கள் விடுதலை கேட்டுத் தெருவுக்கு வந்தார்கள். 1910 முதல் கொரியா ஜப்பானின் பிடியில் இருந்தது. அந்தப் போராட்டத்தை ஜப்பான் துப்பாக்கியால் அடக்கியது. தனக்கு வலித்த அநியாயம் பிறருக்கும் வலிக்கும் என்பது பெரிய படிப்பாளிகளுக்கும் சில நேரம் தெரிவதில்லை.

1933-இல் தந்தை இருந்த அதே இடத்துக்கு, பிரபுக்கள் சபைத் தலைவராக வந்தார். நல்ல உயரம், அழகான தோற்றம், மென்மையான பேச்சு. யார் போய்ப் பேசினாலும் பொறுமையாகக் கேட்பார். கேட்டவர், "கொனோயே நம் பக்கம்தான்" என்று நினைத்துக்கொண்டு எழுந்து போவார். அடுத்து எதிர்த் தரப்பு வரும். அவர்களும் அதே நினைப்போடு போவார்கள். இராணுவம், கட்சிக்காரர்கள், இடதுசாரிகள், அரண்மனை, எல்லோருக்கும் வேண்டியவர்.

1936 பிப்ரவரி 26-இல் இளம் இராணுவ அதிகாரிகள் டோக்கியோவில் கலகம் செய்து நிதி அமைச்சர் உட்படப் பெரிய மனிதர்களைக் கொன்றார்கள். அதற்குப் பிறகு சயோன்ஜி, கொனோயேவைப் பிரதமராகச் சொன்னார். உடம்பு சரியில்லை என்று மறுத்துவிட்டார். 1937 ஜூன் 4-இல் ஒப்புக்கொண்டார். வயது 45. நாடே மகிழ்ந்தது. இராணுவத்தைக் கட்டுக்குள் வைக்கக்கூடிய ஒரே ஆள் என்று சயோன்ஜி நம்பினார்.

இங்கே ஒரு சட்ட விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். அன்றைய ஜப்பானில் இராணுவம் பிரதமருக்குக் கீழே இல்லை, நேரடியாகப் பேரரசருக்குக் கீழே. தரைப்படை அமைச்சரும் கடற்படை அமைச்சரும் பணியில் இருக்கும் அதிகாரிகளாகவே இருக்க வேண்டும் என்று 1936-இல் விதியும் வந்தது. இராணுவத்துக்குப் பிடிக்கவில்லை என்றால் அமைச்சரைத் திரும்ப எடுத்துக்கொள்ளும், அடுத்த ஆளைத் தராது. அமைச்சரவை கவிழ்ந்துவிடும். 1940-இல் யொனாய் அமைச்சரவையை அப்படித்தான் கவிழ்த்தார்கள். எனவே கொனோயேவின் கை கட்டப்பட்டிருந்தது என்பது பொய்யில்லை. 1932-இல் பிரதமர் இனுகாயைக் கடற்படை இளைஞர்கள் சுட்டுக் கொன்றிருந்தார்கள். உயிர்ப் பயமும் பொய்யில்லை.

ஆனால் கை கட்டப்படாத ஒரு தருணமும் வந்தது. அதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது.

அவர் பதவியேற்று ஒரு மாதம் கழித்து, 1937 ஜூலை 7 இரவு, பெய்ஜிங் அருகே மார்க்கோ போலோ பாலத்தில் ஜப்பான் படைக்கும் சீனப் படைக்கும் மோதல். ஜூலை 11-இல் அங்கிருந்த அதிகாரிகளே பேசி ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். அதே நாளில் டோக்கியோவில் கொனோயே அமைச்சரவை கூடுதல் படை அனுப்ப முடிவு செய்தது. பத்திரிகைக்காரர்களையும் கட்சித் தலைவர்களையும் தொழிலதிபர்களையும் தன் இல்லத்துக்கு அழைத்து ஆதரவும் கேட்டார் பிரதமர். எல்லைச் சண்டை பெரும் போராக மாறியது. டிசம்பர் 13-இல் சீனத் தலைநகர் நான்ஜிங் விழுந்தது. சரணடைந்த வீரர்களையும் பொதுமக்களையும் ஜப்பான் படை கூட்டம் கூட்டமாகக் கொன்றது, பெண்களைச் சீரழித்தது. டோக்கியோவில் வெற்றி விழா கொண்டாடினார்கள்.

அப்போது ஜெர்மனித் தூதர் நடுவில் இருந்து சமாதானம் பேசிக்கொண்டிருந்தார். 1938 ஜனவரி 15-இல் அரசும் இராணுவமும் சேர்ந்து கூடிய கூட்டத்தில், பேச்சை முறிக்க வேண்டாம், இன்னும் பொறுத்துப் பார்க்கலாம் என்று மன்றாடியது யார் தெரியுமா? தரைப்படைத் தலைமையகம். சீனாவில் மாட்டிக்கொள்வோம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பேச்சு போதும் என்று சொன்னது கொனோயேவின் அமைச்சரவை. மறுநாள், ஜனவரி 16, சியாங் கை ஷேக் அரசோடு இனிப் பேசமாட்டோம் என்று கொனோயே அறிவித்தார். சமாதானம் பேச எதிரில் ஆளே இல்லாமல் தானே கதவைச் சாத்திக்கொண்டார். அது தவறு என்று பின்னால் அவரே ஒப்புக்கொண்டார். இராணுவமே நிறுத்தலாம் என்ற போதும் "சரி, நிறுத்துவோம்" என்ற ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை.

அதே வருடம் நாட்டின் ஆட்களையும் பொருள்களையும் போருக்கு எடுத்துக்கொள்ளும் சட்டம் வந்தது. போர் முடியவில்லை. 1939 ஜனவரியில் கொனோயே பதவி விலகி வீட்டுக்குப் போனார்.

1940 ஜூலையில் இரண்டாம் முறை பிரதமர். இந்த முறை தரைப்படை அமைச்சர் டோஜோ. செப்டம்பர் 27-இல் ஜெர்மனி, இத்தாலியோடு முத்தரப்பு ஒப்பந்தம். கட்சிகள் எல்லாம் தங்களைக் கலைத்துக்கொண்டன. அக்டோபர் 12, அவருடைய பிறந்த நாளில், எல்லோரையும் ஒரே குடைக்குள் கொண்டு வரும் தேசிய அமைப்பு ஒன்றைத் தொடங்கினார். இராணுவத்துக்குச் சமமான மக்கள் சக்தி உருவாகும் என்பது அவர் கனவு. தொடக்க விழாவில், இதன் கொள்கை என்ன என்று தெளிவாகச் சொல்ல அவராலேயே முடியவில்லை. கடைசியில் அது போருக்கு ஆள் திரட்டும் அமைப்பாகப் போனது. அவரை நம்பி ஏற்றிவிட்ட சயோன்ஜி அந்த நவம்பரில் காலமானார். வயது 90.

1941 ஜூலையில் வெளியுறவு அமைச்சர் மத்சுவோக்காவைக் கழற்றிவிட வேண்டும். நேரில் "நீங்கள் விலகுங்கள்" என்று சொல்வதற்குப் பதிலாக மொத்த அமைச்சரவையும் ராஜினாமா செய்தது. இரண்டு நாளில் அவரை மட்டும் விட்டுவிட்டு மறுபடி அமைந்தது. இது மூன்றாவது அமைச்சரவை.

அந்த மாதக் கடைசியில்தான் ஜப்பான் படை தெற்கு இந்தோசீனாவுக்குள் நுழைந்தது, சைகோன் பக்கம். உலகப் படத்தை எடுத்துப் பாருங்கள். சைகோனிலிருந்து கடலைத் தாண்டினால் மலேயா. நம் மலேயாத் தாத்தாவின் தலையெழுத்து அந்த ஜூலை மாதத்தில் எழுதப்பட்டது. டிசம்பரில் மலேயாவைத் தாக்கிய ஜப்பான் விமானங்கள் அந்தத் தளங்களிலிருந்துதான் கிளம்பின.

அமெரிக்கா உடனே ஜப்பானின் சொத்துகளை முடக்கியது. எண்ணெய் விற்பனையையும் நிறுத்தியது. ஜப்பான் எண்ணெயில் பெரும்பகுதி அமெரிக்காவிலிருந்து வந்தது. கையிருப்பு தீருவதற்குள் போர் அல்லது சமாதானம் என்று ஆனது.

செப்டம்பர் 5-இல் பேரரசர் தளபதிகளை அழைத்து, போர் எத்தனை நாளில் முடியும் என்று கேட்டார். தெற்குப் பகுதியில் மூன்று மாதத்தில் முடிக்கலாம் என்றார் தரைப்படைத் தளபதி சுகியாமா. சீனப் போர் ஒரு மாதத்தில் முடியும் என்றீர்களே, நான்கு வருடம் ஆயிற்றே என்று பேரரசர் கேட்க, சீனாவின் உள்நாடு பரந்தது என்றார் தளபதி. சீனா பரந்தது என்றால் பசிபிக் பெருங்கடல் அதைவிடப் பரந்தது இல்லையா என்று பேரரசர் மடக்கினார். இந்த உரையாடலைப் பதிந்து வைத்தவர் பக்கத்திலேயே இருந்த கொனோயேதான். ஆனாலும் மறுநாள் கூட்டத்தில், அக்டோபர் முற்பகுதிக்குள் பேச்சு பலிக்காவிட்டால் போருக்கு முடிவெடுப்பது என்ற தீர்மானம் அவர் தலைமையிலேயே நிறைவேறியது. அன்று இரவே அமெரிக்கத் தூதர் குரூவை ரகசியமாகச் சந்தித்து, அதிபர் ரூஸ்வெல்டை நேரில் பார்த்துப் பேச வேண்டும் என்று கேட்டார். பகலில் போருக்குக் கெடு, இரவில் சமாதானத் தூது! அமெரிக்கா அந்தச் சந்திப்புக்கு இசையவில்லை.

அக்டோபர் 12, அவருடைய 50-ஆவது பிறந்த நாள். டோக்கியோவில் ஓகிகுபோ பகுதியில் இருந்த தன் வீட்டுக்கு முக்கிய அமைச்சர்களை அழைத்தார். கடற்படைக்கு அமெரிக்காவோடு போரிட உள்ளூர விருப்பம் இல்லை. அதை வெளியில் சொன்னால் மானம் போகும். ஆகவே கடற்படை அமைச்சர், முடிவைப் பிரதமரிடமே விடுகிறேன் என்றார். டோஜோ, சீனாவிலிருந்து படையைத் திரும்ப அழைக்க முடியாது என்றார். கியோட்டோவில் கியோமிசு கோயில் மேடை மலைச்சரிவில் உயரத்தில் நிற்கிறது. வாழ்க்கையில் ஒரு தடவையாவது கண்ணை மூடிக்கொண்டு அங்கிருந்து குதிக்க வேண்டிவரும் என்று அந்த நாட்களில் டோஜோ அவரிடம் சொன்னாராம். தனி மனிதன் குதிக்கலாம், நாட்டுப் பொறுப்பில் இருப்பவன் குதிக்க முடியாது என்று கொனோயே பதில் சொன்னார். அருமையான பதில். ஆனால் அதைச் சொல்லிவிட்டு அக்டோபர் 16-இல் ராஜினாமா செய்தார். டோஜோ பிரதமரானார். மிச்சம் உங்களுக்குத் தெரியும்.

1942, 43-இல் சயாம் பர்மா ரயில் பாதை போட்டார்கள், 415 கிலோமீட்டர். மலேயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு போகப்பட்ட தமிழர்கள் காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் பல்லாயிரக்கணக்கில் மடிந்தார்கள். அவர்களில் ஒருவர் நம் வீட்டு ஆள்.

1945 பிப்ரவரி 14-இல் கொனோயே பேரரசரிடம் போய், தோல்வி உறுதி, போரை நிறுத்துங்கள் என்று நேரடியாகவே சொன்னார். கடைசியில் வாய் திறந்துவிட்டார். இன்னொரு வெற்றி கிடைத்த பிறகு பேசலாம் என்ற நினைப்பில் பேரரசர் இருந்தார். மார்ச் 10-இல் டோக்கியோ எரிந்தது. பிறகு ஒகினாவா. பிறகு ஹிரோஷிமா, நாகசாகி.

போர் முடிந்து டிசம்பர் 6-இல் அவரைக் கைது செய்ய ஆணை வந்தது. 16-ஆம் தேதிக்குள் சுகாமோ சிறையில் ஆஜராக வேண்டும். முந்தின இரவு மகனிடம் பேசிக்கொண்டிருந்தார். பென்சிலால் ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்தார். சீனப் போர் தொடங்கிப் பல தவறுகள் செய்தேன், அதற்குப் பொறுப்பை உணர்கிறேன், ஆனால் அமெரிக்க நீதிமன்றத்தில் குற்றவாளியாக நிற்க என்னால் முடியாது என்பது அதன் பொருள். விடியும் முன் நஞ்சு அருந்தி இறந்தார். வயது 54. மூத்த மகன் சோவியத் சிறை முகாமில் 1956-இல் இறந்தார். மகள் வழிப் பேரன் ஹோசோகாவா 1993-இல் ஜப்பான் பிரதமரானார்.

கொனோயே கொடூரமானவர் இல்லை. என்ன நடக்கும் என்று பலருக்கும் முன்பே அவருக்குத் தெரிந்திருந்தது. அதுதான் அவர் மேல் எனக்குள்ள கோபம். தெரியாதவனுக்காவது மன்னிப்பு உண்டு. வேண்டாம் என்று சொல்ல வேண்டிய இடத்தில் உடம்பு சரியில்லை என்றார், அல்லது ராஜினாமா செய்தார். கையைக் கழுவிக்கொண்டு வெளியே வந்துவிட்டால் கை சுத்தமாகிவிடும் என்று நினைத்தார். விட்டு வந்த நாற்காலியில் யார் உட்காருவார் என்பதும் அவருக்குத் தெரிந்துதான் இருந்தது.

இவ்வளவு படித்த பிறகு என் சொந்தக் கணக்கும் நினைவுக்கு வந்தது. அதைச் சொல்லாமல் இந்தப் பதிவை முடித்தால் அது நேர்மை ஆகாது.

பல வருடங்களுக்கு முன், நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் சுற்றுலாவுக்குச் சேர்த்த பணம் காணாமல் போனது. ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் மேல் பழி விழுந்தது. அப்பா இல்லாத பிள்ளை, கேட்க ஆள் இல்லை. பணம் போனதாகச் சொன்ன அந்த இடைவேளையில் அவன் என்னோடு நோட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தான். எனக்குத் தெரியும். மறுநாள் ஆசிரியர் கூட்டம். பெரியவர்களை எதிர்த்துப் பேச வேண்டிவரும் என்று காய்ச்சல் என எழுதிக் கொடுத்து சி.எல். போட்டுவிட்டேன். அவனுக்கு டி.சி. கொடுத்து அனுப்பினார்கள். ஒரு மாதம் கழித்து அந்தப் பணம் ஒரு பதிவேட்டுக்குள் இருந்தது. அப்போதும் நான் பேசவில்லை. "நான்தான் அந்தக் கூட்டத்திலேயே இல்லையே" என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

யாரையும் கடிந்து பேசாத நல்ல டீச்சர் என்று நீங்கள் எழுதும்போதெல்லாம் அந்தப் பையன் முகம்தான் முன்னால் வரும். அவனுக்கு இப்போது நாற்பது வயதாவது இருக்கும். அந்த வகுப்பில் இருந்தவர்களுக்கு நான் யாரைச் சொல்கிறேன் என்று புரியும். பெயரை இங்கே எழுத வேண்டாம். அவனைத் தெரிந்தவர்கள் இந்தப் பதிவை அவனிடம் சேர்த்துவிடுங்கள். தம்பி, அன்றைக்கு நீ என்னோடு இருந்தாய். அதை அன்றே நான் சொல்லியிருக்க வேண்டும். என்னை மன்னித்துவிடு.

அக்கா பேத்திக்கு இப்போது பதில் சொல்லிவிட்டேன். "டோஜோவுக்கு முன்னாடி கொனோயேன்னு ஒருத்தர் இருந்தார்டா. ரொம்ப நல்லவர், ரொம்பப் படிச்சவர், யாரையும் எதிர்த்துப் பேசமாட்டார்." அவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப அவரும்தானே ஆரம்பிச்சது, சின்னம்மாச்சி?" என்றாள்.

ஆமாம் என்றேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்